மங்கலுக்கு ஒரு மரை: சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ்களின் கதை

பழைய முகப் படங்களைப் பார்த்துட்டு, "அந்தக் காலத்து லென்ஸ், அதான் மங்கலா இருக்கு" என்று சொல்பவர்கள் நிறைய பேர். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1866ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வரும். அந்த ஆண்டு லண்டனில் ஜான் ஹென்றி டால்மேயர் ஒரு போர்ட்ரெய்ட் லென்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். நல்ல கூர்மையான லென்ஸ். ஆனால் அதன் பின்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் திருகித் தளர்த்தினால் படம் மென்மையாகும். எவ்வளவு மென்மை என்பதைப் படம் எடுப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

இன்றைக்குப் பழைய பெரிய வடிவ லென்ஸ்களைக் கழற்றி, சாஃப்ட் ஃபோகஸுக்கு மாற்றியமைக்கிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். அந்த வேலை எங்கிருந்து வந்தது, எதுவரை செய்யலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

ஃபோகஸ் தப்புவது வேறு, மென்மை வேறு

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். ஃபோகஸ் தவறினால் ஒரு புள்ளி வட்டமாக விரிந்துபோகும். கூர்மை எங்கேயும் இருக்காது. சாஃப்ட் ஃபோகஸில் அந்தப் புள்ளி கூர்மையாகவே விழும், ஆனால் அதைச் சுற்றி லேசான ஒளிவட்டம் ஒன்று படியும். கண், உதடு, தலைமுடி எல்லாம் தெளிவாகத் தெரியும். அவற்றின் மேல் ஒரு பளபளப்பு பரவியிருக்கும்.

காரணம் கோளப் பிறழ்ச்சி. ஒரு சாதாரண குவிலென்ஸில் நடுவே நுழையும் கதிர்கள் ஓரிடத்தில் கூடும். ஓரத்தில் நுழையும் கதிர்கள் அதற்குச் சற்று முன்னாடியே கூடிவிடும். நடுக்கதிர்கள் கூர்மையைத் தருகின்றன, ஓரக்கதிர்கள் அந்த ஒளிவட்டத்தைத் தருகின்றன. அப்பர்ச்சரைச் சுருக்கி ஓரக்கதிர்களைத் தடுத்தால் வட்டம் போய்விடும்.

நல்ல லென்ஸ் என்பது பிழையே இல்லாத கண்ணாடிகளால் ஆனது கிடையாது. ஒரு கண்ணாடியின் பிழையை இன்னொன்றின் எதிர்ப்பிழை சரிக்கட்டுகிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்கு கண்ணாடியின் வளைவை மட்டும் பொறுத்ததல்ல. கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள காற்று இடைவெளியையும் பொறுத்தது. இடைவெளியை மாற்றினால் கணக்கு குலைந்து, அடக்கிவைத்த பிழை வெளியே வந்துவிடும். சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ்களின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த இடைவெளியின் வரலாறுதான்.

டால்மேயர் ஏன் அதைச் செய்தார்?

1840இல் வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் கணக்கிட்ட போர்ட்ரெய்ட் லென்ஸ்தான் ஸ்டூடியோக்களை வாழவைத்தது. அதற்கு முந்தைய லென்ஸ்களைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் அகலத் திறந்த லென்ஸில் ஆழம் குறைவு: கண் கூர்மையாக இருந்தால் காது கரைந்துபோகும். டால்மேயர் பெட்ஸ்வாலின் பின்பக்க ஜோடிக் கண்ணாடிகளின் வரிசையை மாற்றி, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் திருகால் மாற்றும்படி செய்தார். கூர்மையை ஒரே தளத்தில் குவிக்காமல், முகம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுத் தருவது அவர் நோக்கம்.

அதே 1866இல் அவர் இன்னொரு லென்ஸையும் கொண்டுவந்தார்: ரேபிட் ரெக்டிலீனியர். நேர்கோடுகளை வளைக்காத, அடக்கமான லென்ஸ். அதை வாங்கிப் பயன்படுத்தியவர்களில் ஒருவர்தான், மென்மையான படங்களுக்காக அந்தக் காலத்தில் அதிகம் திட்டு வாங்கிய ஜூலியா மார்கரெட் கேமரன்.

கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகத் தந்த கேமராவோடு தொடங்கினார். அவரது முதல் லென்ஸ் பெட்ஸ்வால் வகை. ஃபோகஸ் திருப்பும்போது படம் தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். புகைப்படச் சங்கத்து ஆட்கள் இதை "ஃபோகஸ் செய்யத் தெரியாதவர்" என்று எடுத்துக்கொண்டார்கள். எது சரியான ஃபோகஸ் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று அவர் தன் நண்பரான விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபோனார். 1879இல் அங்கேயே இறந்தார். கல்லறை மலையகத்தில், போகவந்தலாவையில் இருக்கிறது.

அவர் படங்களின் மென்மைக்கு லென்ஸ் மட்டும் காரணமல்ல. பெரிய கண்ணாடித் தகடு, நீண்ட எக்ஸ்போஷர், அசையும் முகம் எல்லாம் சேர்ந்தது. ஆனால் ஹெர்ஷலிடம் அவர் கேட்ட கேள்விதான் அடுத்த அறுபது ஆண்டுக்கு லென்ஸ் செய்பவர்களுக்கு வேலை கொடுத்தது.

கேட்டு வாங்கிய பிழை

1896இல் டால்மேயரின் மகன் தாமஸ் வேறு வழியில் போனார். பெர்கைம் என்ற ஓவியர் கேட்டதற்காக, பிழையைத் திருத்தாத ஒற்றைக் கண்ணாடிகளைக் கொண்டே ஒரு லென்ஸ் செய்தார். கோளப் பிறழ்ச்சியோடு நிறப்பிறழ்ச்சியும் அதில் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து பிங்க்ஹாம் & ஸ்மித் நிறுவனம், பிக்டோரியலிஸ்டுகள் என்று அழைக்கப்பட்ட கலைப் புகைப்படக்காரர்களுக்காக அரைகுறையாகத் திருத்திய லென்ஸ்களைச் செய்தது.

ஸ்டூடியோக்காரர்களின் தேவை வேறு. அன்றைய நெகட்டிவ்கள் சிவப்பைச் சரியாகப் பதியாது. முகத்தில் உள்ள பரு, தழும்பு எல்லாம் இருப்பதைவிடக் கறுப்பாக விழும். பெரிய நெகட்டிவில் பென்சிலை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் திருத்த வேண்டும். லென்ஸே கொஞ்சம் மென்மையாகக் காட்டினால் அந்த வேலை குறையும். ஆனால் அடுத்த வாடிக்கையாளர் கூர்மையான குழுப்படம் கேட்பாரே! அதனால் அவர்களுக்கு இரண்டும் ஒரே லென்ஸில் வேண்டியிருந்தது.

இங்கேதான் டால்மேயரின் திருகு திரும்பி வந்தது. 1902இல் ட்ஸைஸ் நிறுவனத்துக்காக பவுல் ருடால்ஃப் வடிவமைத்த டெசார், நான்கு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக அமைந்த கூர்மையான லென்ஸ். அதே அமைப்பில் ராச்செஸ்டரின் வொல்லென்சாக் நிறுவனம் செய்த வெலோஸ்டிக்மாட் லென்ஸ்களின் பெரிய அளவுகளில், முன்னால் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் முன்கண்ணாடி வெளியே நகரும், மென்மை கூடும். ஜெர்மனியில் ஃபோய்க்லாண்டரின் யூனிவர்சல் ஹெலியாரில் நகர்வது நடுக்கண்ணாடி. எல்லாவற்றிலும் வளையத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பினால் கூர்மை முழுசாகத் திரும்பிவிடும். இது முக்கியம், கடைசியில் இதற்கு வருகிறேன்.

1932இல் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் முதலியோர் சான் பிரான்சிஸ்கோவில் குரூப் எஃப்/64 என்ற பெயரில் கண்காட்சி வைத்தார்கள். பெயரே லென்ஸை மிகச் சிறிதாகச் சுருக்கும் துளையின் அளவு. கூர்மையே புகைப்படத்தின் இயல்பு என்பது அவர்கள் வாதம். அதற்குப் பிறகு சாஃப்ட் ஃபோகஸ் "பழைய பாணி" ஆகிவிட்டது. ஸ்டூடியோக்களில் மட்டும் இன்னும் சில காலம் ஓடியது.

இன்றைக்கு மாற்றியமைப்பவர்கள்

பெயர்பெற்ற சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ்களின் விலை இப்போது எட்டாத உயரத்தில். ஆனால் டெசார் வகை லென்ஸ்கள் ஏராளமாகச் செய்யப்பட்டவை, சுலபமாகக் கிடைக்கும். அதனால் பலர் வெலோஸ்டிக்மாட்டின் வித்தையை அவற்றிலேயே செய்துபார்க்கிறார்கள்.

எளிய வழி, முன்கண்ணாடி இருக்கும் வளையத்தைக் கொஞ்சம் திருகித் தளர்த்துவது. மடக்குக் கேமராக்களில் முன்கண்ணாடியைத் திருப்பி ஃபோகஸ் செய்வோமே, அதே அசைவுதான். இங்கே அதைக் கொஞ்சம் அதிகமாகச் செய்கிறோம். மரை குறைவாக இருந்தால் கண்ணாடி கழன்று விழும் அபாயம் உண்டு. அதனால் லேத் பட்டறையில் மெல்லிய பித்தளை வளையங்கள் கடைந்து, இடையில் வைத்து இறுக்குகிறார்கள். அரை மி.மீ., ஒரு மி.மீ. என்று சில வளையங்கள் இருந்தால் படிப்படியாக மென்மையைக் கூட்டலாம். வளையத்தின் இரண்டு பக்கமும் இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி சாய்ந்து, படத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுபடும்.

என்னிடம் உள்ள 210 மி.மீ. லென்ஸில் இதைச் செய்து பார்த்ததில் மூன்று விஷயங்கள் உறுதியாயின. ஒன்று, இடைவெளியை மாற்றினால் குவியத் தூரமும் மாறும்; மென்மையை முடிவு செய்த பிறகுதான் ஃபோகஸ் செய்ய வேண்டும். இரண்டு, அப்பர்ச்சரைச் சுருக்கும்போது ஃபோகஸ் இடம் நகரும். எந்தத் துளையில் எடுக்கப்போகிறோமோ அதிலேயே, கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளியைப் பார்த்து ஃபோகஸ் செய்வது நல்லது. மூன்று, வெளிச்சம் சப்பையாக இருந்தால் மென்மை வெறும் மங்கலாகத்தான் தெரியும். பக்கவாட்டில் நல்ல ஒளி விழுந்தால்தான் அந்தப் பளபளப்பு வரும்.

இனி, எதுவரை போகலாம் என்ற கேள்வி. சிலர் லென்ஸ் குழாயையே அறுக்கிறார்கள், மரையை அரத்தால் தேய்க்கிறார்கள், கண்ணாடியைப் பசைபோட்டு ஒட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நூறு வருஷத்து லென்ஸ் ஒன்று, அதைச் செய்தவர் போட்ட கணக்குக்கு நம்மிடம் இருக்கும் சாட்சி. எந்த இடைவெளியை அவர் சரி என்று வைத்தார் என்பது அந்தப் பித்தளையில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்துவிட்டால் நாளைக்கு வருகிறவரால் அதைப் படிக்க முடியாது.

டால்மேயரும் வொல்லென்சாக்கும் செய்த நல்ல காரியம், திரும்பி வர வழி வைத்ததுதான். படம் எடுத்தபின் திருகை இறுக்கினால் லென்ஸ் பழையபடி ஆகிவிடும். நாம் செய்யும் மாற்றமும் அப்படி இருந்தால் போதும். வளையத்தை எடுத்துட்டா லென்ஸ் பழைய லென்ஸாகவே இருக்கணும். மாற்றுவதற்கு முன் முன்கண்ணாடியின் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்து, ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளியைத் தொடாமல், ஓட்டை போட்ட சல்லடைத் தட்டுகளால் மென்மையைக் கட்டுப்படுத்திய ரோடன்ஸ்டாக் இமாகான் லென்ஸ் பற்றித் தனியாக எழுத வேண்டும். அது அடுத்த குறிப்பில்.