உயிர் காலேஜும் மூர் மார்க்கெட்டும்

சென்னையின் பேச்சுவழக்கில் விலங்குக் காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்றும் நெடுங்காலம் பெயர் வழங்கியது. கூண்டுக்குள் உலவும் புலியைக் காட்டும் இடம் முன்னது. பாடம் செய்யப்பட்ட, அதாவது தோலைப் பதப்படுத்தி உள்ளே அடைத்து உருவம் கெடாமல் நிறுத்தப்பட்ட விலங்குகளையும், திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டையும் காட்டும் இடம் பின்னது. வகுப்பு எதுவும் நடவாத இவ்விரண்டு இடங்களுக்கும் ‘காலேஜ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்குப் பொருத்தமான விளக்கம் ஒன்று உண்டு. கும்பினி ஊழியத்துக்கு வந்த இளம் ஆங்கிலேயருக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812-இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில்தான் 1851-இல் அருங்காட்சியகம் முதலில் திறக்கப்பட்டது. 1854-இல் அது எழும்பூரின் பாந்தியன் வளாகத்துக்கு மாறிவிட்ட பின்னரும், காலேஜுக்குப் போய் வேடிக்கை பார்த்துப் பழகிய மக்கள் அந்தப் பெயரைக் கைவிடவில்லை.

அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் சென்னைப் படையில் அறுவை மருத்துவராக இருந்தவர். கற்களையும் கனிமங்களையும் பார்க்க வருவோரைவிட, வளாகத்தில் கட்டிவைத்திருந்த புலிக்குட்டி முதலிய உயிருள்ள விலங்குகளைப் பார்க்கவே கூட்டம் திரள்வதை அவர் கவனித்தார். அந்த ஆர்வத்தைக் குறைவாக மதிக்காமல், 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குத் தோட்டத்தைத் தொடங்கினார். சேப்பாக்கம் அரண்மனையோடு அலுவல் தொடர்பு கொண்டிருந்த அவர், ஆர்க்காட்டு நவாபு குலாம் முகம்மது கௌஸ் கானிடம் பேசி, அரண்மனையில் வளர்ந்துவந்த விலங்குகளையும் இத்தோட்டத்துக்குப் பெற்றார். ஓராண்டுக்குள் விலங்கும் பறவையும் ஊர்வனவுமாக 300-க்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே சேர்ந்தன. வாரிசின்றி அந்த நவாபு 1855-இலேயே காலமானதும், கும்பினி அரசு நவாபு என்ற பட்டத்தையே ஒழித்துவிட்டது. ஆகவே சென்னையின் முதல் பொதுக் காட்சிசாலை, அதன் வேரில், ஓர் அரச குடும்பத்தின் வளர்ப்புப் பிராணிகளாலும் ஆனது என்பதை மறந்துவிடலாகாது.

நகரின் எளிய மக்கள் காற்று வாங்குவதற்கென ஒரு பூங்கா வேண்டும் என்ற எண்ணம் ஆளுநர் சார்லஸ் டிரெவலியன் காலத்தில் (1859–60) உருப்பெற்றது. பிற்காலத்தில் சென்ட்ரல் ரயில் நிலையமும் ரிப்பன் மாளிகையும் எழுந்த பகுதியை ஒட்டி 116 ஏக்கரில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ அமைந்தது. குளங்களும் சாலைகளும் வாத்திய மேடையும் கொண்ட இப்பூங்காவின் ஒரு கோடிக்கு 1861-இல் விலங்குகள் கொண்டுவரப்பட்டு, காட்சிசாலை மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தது. நுழைவுக்கட்டணம் இல்லாத இடம் என்பதே அதன் பெரும் சிறப்பு. பூங்காவில் ஆண்டிறுதிச் சந்தையும் கூடிற்று; 1886 டிசம்பர் 31-ஆம் நாள் அச்சந்தையின் பந்தல்களில் மூண்ட தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

இக்காட்சிசாலைக்குக் குடும்பத்தோடு போய்வரும் வழக்கம் உச்சத்தை எட்டும் நாள் காணும் பொங்கல். கால்நடைகளுக்கு நன்றி செலுத்தும் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளான இது, உற்றார் உறவினரைப் போய்க் காண்பதற்கு உரியதாக இருந்து, நகரத்தில் காட்சிகளைக் காண்பதற்கு உரியதாகவும் விரிந்தது. சொல் ஒன்றுதான், காணப்படும் பொருள் மட்டும் மாறிற்று. விடியுமுன் அடுப்பு மூட்டிச் செய்த புளியோதரையும் தயிர்சாதமும் கட்டுச்சோறாகத் தூக்குவாளியில் ஏறின. வழிப்பயணத்துக்கெனக் கட்டி எடுத்துச் செல்லும் சோறே கட்டுச்சோறு என்பதும், புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு மாலைவரை கெடாது என்பதும் சொல்லாமலே விளங்கும். சுற்றுவட்ட ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குச் செத்த காலேஜ், உயிர் காலேஜ், கடற்கரை என்பதே அன்றைய வரிசை. மூன்றுக்கும் காசு கேட்பார் இல்லை என்பதால், வண்டிச்சத்தம் போக மிச்சமிருந்த சில்லறை வேர்க்கடலைக்கும் பலூனுக்கும் போயிற்று. அதற்கு மேலும் மிஞ்சினால், அது பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட்டுக்குப் போயிற்று.

பிராட்வேயில் நெரிசல் மிகுந்து சுகாதாரம் கெட்டிருந்த பழைய அங்காடிக்கு மாற்றாக, மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்ட, 1900-இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம் அது. அதன் புகழைப் பழைய புத்தகக் கடைகளோடு முடித்துவிடுவது எழுத்தாளர்களின் வழக்கம். சிறுவர்களைக் கேட்டிருந்தால் வேறு கடைகளைச் சொல்லியிருப்பார்கள். புறாவும் முயலும் வெள்ளெலியும் கிளியும் மீனும் விற்ற அக்கடைகள்தாம், கூண்டுக்கு வெளியே நின்று பார்த்த குழந்தையை ஓர் உயிருக்கு உடைமையாளன் ஆக்கின. ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் சோடியாக விற்கப்பட்ட பறவை உண்மையில் ஆஸ்திரேலியப் புல்வெளிகளைச் சேர்ந்த சிறுகிளி. அப்பெயருக்கு உரிய பறவையினம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. இருந்தும் சென்னை வீடுகளில் அப்பெயரே நிலைத்தது. கூண்டோடு ஒரு படி தினையும், பக்கவாட்டில் துளையிட்ட சிறு மண்பானையும் வாங்க வேண்டும்: தினை தீனிக்கு, பானை முட்டையிடுவதற்கு. கூண்டுக் கம்பியில் கட்டும் வெள்ளைக் கட்டிக்குக் ‘கடல் நுரை’ என்று பெயர். அது நுரையன்று, கணவாய் என்னும் கடலுயிரியின் உள்ளோடு. பறவை அதைக் கொத்திச் சுண்ணாம்புச்சத்தைப் பெற்றுக்கொள்ளும்.

அழகுமீன்களைச் சென்னை மக்கள் ‘கலர் மீன்’ என்பர். இவற்றுள் ‘ஃபைட்டர்’ எனப்படும் சண்டைமீனுக்குத் தொட்டி தேவைப்படவில்லை. ஆண்மீன்கள் இரண்டைச் சேர்த்துவிட்டால் ஒன்றையொன்று குதறிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொன்றும் தனித்தனிப் புட்டியில் விற்கப்பட்டது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே உறிஞ்சிச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருந்ததால், சிறிதளவு நீரிலும் அது பிழைத்துக் கிடந்தது. கழுவிய ஹார்லிக்ஸ் புட்டியே போதுமானதாக இருந்த இம்மீன், கூடம் சிறுத்த வீட்டுப் பிள்ளைகளின் செல்லப்பிராணியாயிற்று. முட்டையிடாமல் குஞ்சு ஈனும் ‘கப்பி’ சில மாதங்களில் அண்டைவீடுகளுக்கும் பரவியது. இவை எல்லாவற்றையும்விட மலிவானது தெருவில் கூடையில் வந்த வண்ணக் கோழிக்குஞ்சு. முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பயன்படாத சேவற்குஞ்சுகளே சாயம் ஏற்றப்பட்டு இவ்வாறு விற்கப்பட்டன, பெரும்பாலானவை சில நாள்களுக்கு மேல் தங்கவில்லை. செல்லப்பிராணி வளர்ப்பின் வரலாற்றை எழுதுவோர் இந்த இழப்புகளைக் கணக்கில் எடுப்பதில்லை. நோயுற்ற பிராணிக்கு வைத்தியம் பார்க்க விரும்பிய குடும்பங்களுக்கு, 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொலைவில் இல்லை.

பச்சைக்கிளியின் கதை சட்டத்தால் மாறியது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1990களின் தொடக்கத்தில் அதை ஒட்டி வந்த தடைகளும், இந்நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் குற்றமாக்கின. வீட்டுத் தாழ்வாரத்தில் மிளகாய்ப்பழம் தின்று பேசக் கற்ற கிளியும், சீட்டு எடுத்துக் கொடுத்த சோசியக்காரரின் கிளியும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன. அயல்நாட்டு இனம் என்பதால் லவ் பேர்ட்ஸ் தப்பித்துக்கொண்டது.

காட்சிப் பொருளான விலங்கும் வீட்டு விலங்கும் ஒரே பூங்காவைப் பகிர்ந்துகொண்ட 85 ஆண்டுகள், 1985-இல் இரண்டே மாதங்களுக்குள் முடிந்தன. விலங்குகள் பெருகியதாலும் சுற்றிலும் பேருந்து இரைச்சலும் புகையும் மிகுந்ததாலும், வண்டலூர்க் காப்புக்காட்டில் ஒதுக்கப்பட்ட 1,265 ஏக்கரில் 1979 முதலே புதிய காட்சிசாலையின் பணி நடந்துவந்தது. 1985 மே 30-ஆம் நாள் மூர் மார்க்கெட் எரிந்தது; ஜூலை 24-ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். கம்பிக் கூண்டுக்கு மாற்றாக அகழியும் மரங்களும் சூழ்ந்த திறந்தவெளி அடைப்பிடம் வந்ததில் விலங்குகளுக்கு நன்மையே விளைந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவும் நுழைவுக்கட்டணமும், மாலையில் சற்று எட்டிப்பார்த்துவிட்டு வரும் வழக்கத்தை, ஆண்டுக்கு ஒரு முறை திட்டமிட்டுச் செல்லும் பயணமாக்கிவிட்டன.

மூர் மார்க்கெட் வியாபாரிகள் பக்கத்திலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். அழகுமீன் தொழிலோ, வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன்குஞ்சு பொரிக்கும் குடும்பங்கள் நிறைந்த கொளத்தூரில் வேரூன்றியது. எரிந்த அங்காடி நின்ற நிலம் ரயில்வேயிடம் சேர்ந்து, புறநகர் ரயில்களின் முனையமாயிற்று. அதற்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். காணும் பொங்கலன்று திருவள்ளூர்ப் பக்கமிருந்து வண்டலூருக்குக் கிளம்பும் குடும்பம் அங்கே இறங்கி, சாலையைக் கடந்து, பழைய பூங்காவின் பெயர் ஒட்டியிருக்கும் பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்கிறது.