எம்மவர் கிறிஸ்து சமயத்தைத் தழுவாமைக்குக் காரணங்கள்

வெஸ்லியன் மிஷனரிமார் 1814ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டிலும், இங்கிலாந்துத் திருச்சபை மிஷனரிமார் 1818ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தனர். ஊர்தோறும் பாடசாலை, அச்சுக்கூடம், வைத்தியசாலை, பெண்களுக்கு விடுதிப் பள்ளி என அவர்கள் அச்சிறிய குடாநாட்டிற் செய்த முயற்சி சிறிதன்று. ஆயினும் யாழ்ப்பாணத்து மக்களுட் பெரும்பாலோர் சைவராகவே இருந்தனர். இஃது ஏன் நிகழ்ந்தது? எச்சமயத்தாரையும் இகழும் எண்ணம் எமக்கில்லை. எம்மை நாமே அறிந்துகொள்ளும் பொருட்டே இவ்வினாவை எழுப்புகின்றோம்.

“நாவலர் பெருமான் தடுத்தார்” என்று ஒரே சொல்லில் விடை கூறுவார் பலர். ஆனால் ஆண்டுக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை. ஆறுமுக நாவலர் பிறந்தது 1822ஆம் ஆண்டில். வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவரது முதற் பிரசங்கம் நிகழ்ந்தது 1847 டிசம்பர் 31ஆம் நாளில். அதற்கு முன்னரே மிஷனரிமார் முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்திருந்தனர். அந்த முப்பது ஆண்டிலும் பொதுமக்கள் திரண்டு மதம் மாறவில்லை. ஆகவே தடைகள் நாவலருக்கு முன்னரே இருந்தன. அவற்றை நான்காக வகுத்து ஆராய்வோம்.

முதலாவது தடை, பழைய வற்புறுத்தலின் நினைவு. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. 1658இல் வந்த ஒல்லாந்தர் காலத்திலோ, ஞானஸ்நானமும் பாடசாலைத் தோம்பும் குடிமக்களின் உலக வாழ்வோடு பிணைக்கப்பட்டன. விவாகத்தைப் பதியவும், முதுசம் பெறவும், உத்தியோகம் ஏற்கவும் கோவிற்பற்றுப் பதிவு வேண்டப்பட்டது. ஏட்டின்படி பார்த்தாற் குடாநாடு ஏறக்குறைய முழுவதும் கிறிஸ்தவ நாடே! வீட்டின் உள்ளேயோ திருநீறும் விரதமும் மறைவாக நிலைத்திருந்தன. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அவ்வற்புறுத்தல் தளர்ந்தது; ஏட்டிலிருந்த கிறிஸ்தவரும் மிக விரைவில் மறைந்தனர். ஞானஸ்நானம் என்பது அரசுக்கு இறுக்கும் வரி போன்றதென எம் முன்னோர் ஒன்றரை நூற்றாண்டாகப் பழகியிருந்தனர். பின்னர் வந்த மிஷனரிமார் அன்போடு அழைத்தபோதும், அவ்வழைப்பு மக்கள் காதில் பழைய ஆணையின் எதிரொலியாகவே கேட்டது. வற்புறுத்தி விதைத்தவர், தமக்குப் பின் அன்போடு விதைக்க வந்தவரின் நிலத்தையும் கெடுத்தே போயினர்.

இரண்டாவது தடை, சமயத்தைக் கொண்டுவந்தோரின் நடை. இதற்குச் சான்று தமிழகத்துத் தரங்கம்பாடியிலிருந்து கிடைக்கின்றது. 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு பாதிரியாரும் அவருடைய தோழரும் தமிழறிஞர்க்குக் கடிதம் எழுதி, பல பொருள்களைப் பற்றி வினவினர். தமிழர் கிறிஸ்து சமயத்தை ஏன் வெறுக்கின்றனர் என்பதும் அவ்வினாக்களுள் ஒன்று. வந்த மறுமொழிகளுள் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியிற் பெயர்க்கப்பட்டு, 1714ஆம் ஆண்டு தொடக்கம் ஹாலே நகரில் அச்சாயின. அவற்றில் எம்மவர் கூறிய குறைகள் தத்துவம் பற்றியன மட்டுமல்ல. கிறிஸ்தவர் எனப்படுவோர் பசுவைக் கொன்று உண்கின்றனர், குடித்து வெறிக்கின்றனர், சுத்தம் பேணுவதில்லை, இத்தகையோரின் சமயம் எவ்வாறு எம்மை உயர்த்தும் என்று அவர்கள் கேட்டனர். தம்மைப் பற்றிய இவ்வளவு கடுமையான சொற்களையும் மறையாது வெளியிட்ட அப்பாதிரிமாரின் நேர்மை போற்றத்தக்கது. அவர்களுக்கு நூறாண்டுக்கு முன், 1606இல் மதுரைக்கு வந்த றோபேட் டி நோபிலி என்னும் இத்தாலியத் துறவியும் இத்தடையை உணர்ந்தார். ‘பரங்கி மார்க்கம்’ என்ற பெயரே மக்களை விலக்குகின்றது எனக் கண்டு, காவி உடுத்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்றார். சமயம் எதுவாயினும், அதனைச் சொல்பவரின் சீலத்தையே மக்கள் முதலில் அளக்கின்றனர் என்பதற்கு இவ்விரு வரலாறும் சான்றாகும்.

மூன்றாவது தடை வியப்புக்குரியது. மிஷனரிமார் தந்த கல்வியே அது! 1823இல் வட்டுக்கோட்டையில் எழுந்த செமினரி ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம் ஆகியவற்றோடு தமிழையும் ஊன்றிக் கற்பித்தது. அதன் மாணாக்கரான சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவருமே 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் ஆயினர். இருவரும் கிறிஸ்து சமயத்துள் இருந்து, பின்னர் சைவத்துக்கு மீண்டவர்கள். தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து மீட்டு அச்சேற்றிய பெருந்தொண்டு யாவரும் அறிந்ததே. கற்றவர் திருச்சபைத் தொண்டை நாடாது அரசாங்க உத்தியோகத்தையே நாடுகின்றனர் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த மேலாளரின் கவலையாயிற்று. 1855இல் அவர்கள் செமினரியை மூடிவிட்டனர். மானிப்பாயில் டாக்டர் கிறீன் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்து, அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கினார். மக்கள் அவரது மருந்தை நன்றியோடு ஏற்றனர்; ஆயினும் பெரும்பாலோர் சைவராகவே இருந்துவிட்டனர். கல்வி வேறு, உத்தியோகம் வேறு, வழிபாடு வேறு எனப் பிரித்துக்கொள்ளும் ஆற்றல் எம்மவரிடம் இருந்தது.

நாவலரே இதற்குத் தலையாய உதாரணம். அவர் யாழ்ப்பாணம் வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியருமாகி, பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது உடனிருந்து உதவினார். அந்நூலை எழுத்தெழுத்தாக அறிந்தவர் சைவராகவே வெளிவந்தார். 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், கோயிற் கிரியைகளைப் பழித்தோருக்கு அவர்தம் பழைய ஏற்பாட்டிலுள்ள ஆலயம், பலி, தூபம் ஆகியவற்றையே எடுத்துக்காட்டி விடையிறுத்தார். ஆராய்ந்து அறிந்தபின் ஒருவர் ஏலாதிருத்தல் குற்றமாகாது. அஃது அறிவின் உரிமை.

நான்காவது தடையைக் கூற நாணுகின்றோம். ஆயினும் கூறாது விடுதல் வரலாற்றுக்கு அழகன்று. அது சாதி. மதம் மாறியவன் இனசனத்தை இழந்தான். பெண் கொடுப்பாரும் எடுப்பாரும் இன்றி நின்றான். மிஷன் வளவிற் சமைத்த சோற்றைத் தம் பிள்ளைகள் உண்ண, உயர்குலத்தார் எனப்பட்டோர் முதலில் உடன்படவில்லை. சமையலுக்கு வேறு வளவு தேடவேண்டியதாயிற்று. அவ்விடத்தில் எழுந்த அச்சம் சிவபெருமானைப் பற்றியதா, பந்தியைப் பற்றியதா? நாவலர் பெருமானும் சாதியாசாரத்தை ஏற்றவரே என்பதை மறைத்தற்கில்லை. இந்நோய் திருச்சபைக்குள்ளும் புகுந்தது. கல்கத்தா பிஷப் டானியல் வில்சன் 1833இல் சபைக்குட் சாதி வேற்றுமையை ஒழிக்கும்படி கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிற் பலர் சபையையே விட்டு நீங்கினர்.

முதல் மூன்று தடைகளிலும் மானமுண்டு, அறமுண்டு, அறிவுண்டு. நான்காவதில் இவற்றுள் ஒன்றுமில்லை. கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஒருவன் வேறு சமயத்தை நாடியபோது அவனைத் தடுக்க எம்மிடம் என்ன இருந்தது? பொது இடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் சாதி காரணமாக ஒருவரை விலக்குதல் குற்றமென 1957இல் இலங்கையிற் சட்டம் பிறந்தது. அதன்பின்னும் 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிற் பிரவேசத்துக்காக மக்கள் போராட நேர்ந்ததே! திருநீலகண்ட யாழ்ப்பாணரைத் தம்முடனே தலந்தோறும் அழைத்துச் சென்றவர் எம் சம்பந்தப் பெருமான். அவர் காத்தது பக்தியை. நாம் காத்தது வேலியை.

மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு இவ்வாராய்ச்சி வெறுங்கதையன்று. கொழும்பிலே எம்மவர் தமக்கெனச் சாதனங்களை அமைக்கக் காலஞ் சென்றது. விவேகானந்த சபை 1902இலும், சைவ மங்கையர் கழகம் 1930இலும், பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரி 1951இலும் தோன்றின. இவற்றுக்கு முன்னும் பின்னும் எம்மவர் பிள்ளைகள் பலர் மிஷன் பாடசாலைகளிற் கற்று, திருநீற்றோடே வெளிவந்தனர். அவர்களைக் காத்தது வீட்டிலே தாய் சொல்லிக்கொடுத்த தேவாரமும், வெள்ளிதோறும் கோயிலுக்குச் சென்ற வழக்கமுமே.

இன்று பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய தடைகள் பெரும்பாலும் இல்லை. ஒல்லாந்தன் தோம்பு இல்லை. அயல்வீட்டுக் கிறிஸ்தவர் பரங்கியருமல்லர். எம் மொழி பேசி, எம்மோடு ஒரே பந்தியில் உண்ணும் தமிழர். வேலிகள் விழுந்தபின் ஓர் இளைஞனைச் சைவத்தில் நிலைநிறுத்துவன இரண்டே: அறிவும் அன்பும். அவ்விரண்டையும் கொடுப்பது யார் கடன்?

பெரியோர்களே, ஓர் இளைஞன் வேறு நெறியை நாடினால் “ஏன் போனாய்?” என்று சினப்பதற்கு முன், “அவனுக்கு என்ன கற்பித்தோம்? எம் கோயிலில் அவனுக்கு எவ்விடம் கொடுத்தோம்?” என்று வினவுவோமாக. ஆராய்ந்து தெளிந்து சென்றவனை உறவினின்றும் தள்ளாதிருப்போமாக. சங்கத்து இளைஞர்களே, வாரத்தில் ஒரு மணி நேரமாவது கூடித் திருமுறையையும் சித்தாந்தத்தையும் பொருளுணர்ந்து கற்போம். அவ்வகுப்பின் வாசலில் எவரிடமும் குலம் வினவாதிருப்போம். அறியாமையாலும் அச்சத்தாலும் சைவராயிருப்பதிலும், அறிந்து அன்பினாற் சைவராயிருப்பதே எம் சமயத்துக்கு நாம் செய்யும் தொண்டாகும்.