பாரிஸ் நகரத்துச் சவுக்காரம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. முறுக்கோ அதிரசமோ இருக்கும் என்று ஆசைப்பட்டு ஒருநாள் ஏறித் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்ததெல்லாம் துணி துவைக்கிற சவுக்காரக் கட்டிகள்! "நாளையிலிருந்து சோப்புக் கிடைக்காதாம்" என்று யாரோ சொன்ன ஒரு சாயங்காலம், அம்மா ஓட்டமும் நடையுமாகப் போய் மூன்று கடைகளில் வாங்கி வந்து சேர்த்தவை. சொன்னபடியே தட்டுப்பாடு வந்தது. எங்கள் தெருவில் இருந்த அத்தனை அம்மாக்களும் அன்று கடைக்குப் போயிருந்தார்கள். வராமல் என்ன செய்யும்?

அந்த மாதம் எங்கள் வீட்டுத் துணி வெளுக்கிற அம்மாள் கொல்லைப்புறத்தில் வந்து நின்றாள். "அரைக் கட்டி இருந்தாக் கொடுங்கம்மா, கூலியிலே கழிச்சுக்கலாம்" என்றாள். "எங்கே இருக்கு? எனக்கே இல்லையே!" என்றாள் அம்மா. நான் பரணைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் புரட்சியின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொல்லைப்புறந்தான் ஞாபகத்துக்கு வருகிறது. புரட்சி என்றால் பாஸ்டில் கோட்டையையும் கில்லட்டினையும் நினைக்கிறோம். சவுக்காரத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

1793-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி பதினாறாம் லூயி மன்னனின் தலை உருண்டது. தலை உருண்டால் விலை இறங்கும் என்று ஜனங்கள் எதிர்பார்த்திருக்கலாம். விலை ஏறியது. கரீபியக் கடலில் இருந்த ஸான் டொமிங்கோ தீவில் 1791-ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தது முதலே சர்க்கரையும் காப்பியும் குதிரைக்கொம்பாகிவிட்டன. சர்க்கார் அச்சடித்துத் தள்ளிய 'அஸ்ஸீன்யா' என்ற காகிதப் பணம் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 1-ந் தேதி இங்கிலாந்தோடு யுத்தமும் பிறந்தது. சவுக்காரத்துக்கு எண்ணெய் வேண்டும், சோடா உப்பு வேண்டும். நல்ல சோடா உப்பு ஸ்பெயினிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

பிப்ரவரி 24, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் நகரத்துச் சலவைக்காரிகள் கூட்டமாகத் தேசிய மகாசபைக்குப் போனார்கள். ராத்தல் 14 ஸூவுக்கு விற்ற சவுக்காரம் 22 ஸூ ஆகிவிட்டதென்று முறையிட்டார்கள். இப்படியே போனால் ஏழை உடுத்த வெள்ளைத் துணி இராது. சரக்கு இல்லாமலில்லை, பதுக்குகிறார்கள். பதுக்குகிறவர்களுக்கு மரண தண்டனை விதியுங்கள் என்று கேட்டார்கள். 'பதுக்கல், பதுக்கல்' என்று கூச்சல் போட்டு வியாபாரிகளைப் பயமுறுத்தினால் விலை இன்னும் ஏறத்தான் செய்யும் என்று சபைத் தலைவர் புத்தி சொன்னார். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கையில் அழுக்குத் துணியோடு நிற்பவளுக்கு அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? விஷயத்தைச் செவ்வாய்க்கிழமை கவனிப்பதாகச் சபை ஒத்திப்போட்டது. குழந்தை பாலுக்கு அழுதால் நாங்கள் நாளை மறுநாள் வா என்றா சொல்கிறோம் என்று முணுமுணுத்துக்கொண்டே பெண்கள் வெளியே வந்தார்கள்.

அவர்கள் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கவில்லை. திங்கட்கிழமையே மளிகைக் கடைகளில் புகுந்துவிட்டார்கள். அன்று நடந்ததைக் கொள்ளை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. காசு கொடாமல் தூக்கிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பல கடைகளில் கூட்டமே ஒரு நியாய விலையைத் தீர்மானித்து, தராசில் நிறுத்து, காசை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாமானை எடுத்துப்போயிற்று. சவுக்காரம் 10, 12 ஸூவுக்கு விலை போயிற்று. ரோபெஸ்பியருக்கு இது பிடிக்கவில்லை. ஜனங்கள் எழுந்தால் கொடியவர்களை வீழ்த்த எழவேண்டும்; அற்ப மளிகைச் சாமானுக்காகவா எழுவது என்று வருத்தப்பட்டார். அவர் உடையில் மிகவும் கவனமுள்ளவர். கழுத்துத் துணியில் ஒரு சுருக்கமோ அழுக்கோ இராது என்பார்கள். அந்தத் துணியை வெளுத்தவள் எந்தச் சவுக்காரத்தைப் போட்டு வெளுத்தாளோ!

ஜூன் மாதக் கடைசியில் ஸேன் நதித் துறைகளில் சவுக்காரம் ஏற்றி வந்த படகுகளைப் பெண்கள் மறித்தார்கள். தாங்களே சரக்கை இறக்கி ராத்தல் 20 ஸூவுக்கு விற்றார்கள். கவனியுங்கள், பிப்ரவரியில் அவர்களே நியாயம் என்று தீர்மானித்த விலை 12. நாலே மாதத்தில் நியாயமும் ஏறிவிட்டது.

கடைசியில் அவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஜூலை 26-ந் தேதிச் சட்டம் பதுக்கலுக்கு மரண தண்டனை விதித்தது. வியாபாரி தன் கையிருப்பை எழுதி வாசலில் தொங்கவிட வேண்டும். செப்டம்பர் 29-ந் தேதி வந்தது 'மாக்ஸிமம்' என்ற உச்சவிலைச் சட்டம். வெண்ணெய், விறகு, மெழுகுவத்தி, உப்பு, சர்க்கரை, மரச்செருப்பு, சவுக்காரம் எல்லாவற்றுக்கும் வரம்பு கட்டியது; பெரும்பாலான சாமான்களுக்கு 1790-ம் வருஷத்து விலையோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டி, அதுவே உச்சவிலை என்றது. கூலிக்கும் உச்சவரம்பு உண்டு: 1790-ல் இருந்ததோடு பாதி சேர்த்து.

விலைப்பட்டியல் பாரிஸில் ஒட்டப்பட்ட சில நாட்களில் கடைகள் காலியாகிவிட்டன. சவுக்காரமும் சர்க்கரையும் இருந்த இடம் தெரியவில்லை. யார் வாங்கினார்கள்? கையில் ரொக்கமும் வீட்டில் பரணும் இருந்தவர்கள் முந்திக்கொண்டிருப்பார்கள் என்பதற்குச் சரித்திரப் புத்தகம் வேண்டுமா? அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் கால் ராத்தல் வாங்குகிறவள் கடைக்குப் போகும்போது பட்டியல் மட்டும் இருந்திருக்கும். மளிகைக்காரனையும் முழுக்கக் குற்றம் சொல்லிவிட முடியாது. அதிக விலைக்கு வாங்கி வைத்த சரக்கைச் சட்ட விலைக்கு விற்றான். மறுபடி வாங்கப் போனால் அந்த விலைக்குக் கொடுப்பார் இல்லை. வண்டிச் சத்தத்தையும் கடைக்காரன் லாபத்தையும் சட்டம் போட்டவர்கள் கணக்கில் சேர்க்க மறந்திருந்தார்கள். மொத்த வியாபாரிக்கு 100-க்கு 5, சில்லறைக்காரனுக்கு 100-க்கு 10 என்று திருத்திய பட்டியல் 1794 வசந்தத்தில்தான் வந்தது. அதற்குள் கொல்லை வாசல் வியாபாரம் நன்றாக வேரூன்றிவிட்டது. ரொட்டிக்குச் சீட்டு வந்தது. கடை வாசலில் நிற்கும் வரிசைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'வால்' என்று பெயர் வைத்தார்கள். நாம் சொல்கிற 'க்யூ' அந்த வால்தான்.

சோடா உப்பைப் பற்றி ஒரு கிளைக்கதை. சாதாரண உப்பிலிருந்தே சோடா செய்ய நிக்கொலா லெப்ளாங் என்பவர் வழி கண்டுபிடித்து 1791-ல் உரிமை பெற்றிருந்தார். முதல் போட்ட ஆர்லியன்ஸ் பிரபு 1793 நவம்பரில் கில்லட்டினுக்குப் போனார். தொழிற்சாலை பறிமுதலாயிற்று, ரகசியத்தை நாட்டு நலனுக்காகச் சர்க்கார் அச்சிட்டு வெளியிட்டது. பின்னால் ஐரோப்பாவின் சவுக்காரமெல்லாம் அந்த வழியில் செய்த சோடாவை நம்பியிருந்த காலம் வந்தது. லெப்ளாங் 1806-ல் தரித்திரத்தில் தற்கொலை செய்துகொண்டார்.

உச்சவிலைச் சட்டம் வெறும் முட்டாள்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சியல்ல. 1793 ஆகஸ்டில் 100-க்கு 22-தான் பெற்ற காகிதப் பணம், அந்த டிசம்பரில் 48 பெற்றது. படைக்குத் துணியும் தானியமும் போய்ச் சேர்ந்தன. ஆனால் சலவைக்காரியின் கூலிக்கு வரம்பு கட்டியது எளிது. சவுக்காரத்தை அவள் கைக்குக் கொண்டு சேர்ப்பது எளிதாயில்லை.

1794 ஜூலையில் ரோபெஸ்பியரும் தலை இழந்தார். அவருடைய கட்சிக்காரர்கள் வண்டியில் போனபோது, 'மாக்ஸிமம்' ஒழிக என்று தொழிலாளிகள் கூவினார்களாம். அந்த டிசம்பர் 24-ந் தேதி சட்டத்தை எடுத்துவிட்டார்கள். கடைகளில் சரக்கு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் இருந்தது, வாங்கப் பணந்தான் இல்லை. ஸேன் நதி உறைந்து கிடந்த அந்தக் குளிர்காலம் கழிந்து மே மாதம் வந்தபோது, 100 லிவர் காகிதம் 7, 8 லிவர்தான் பெற்றது. 1795 மே 20-ந் தேதி பெண்கள் மறுபடியும் மகாசபைக்குள் புகுந்தார்கள். இந்தத் தடவை சவுக்காரம் கேட்கவில்லை; ரொட்டி கேட்டார்கள். ஒரு பிரதிநிதியின் தலை ஈட்டி முனையில் ஏறியது.

மூன்று நாள் கழித்துச் சபை ஓர் உத்தரவு போட்டது. பெண்கள் வீட்டோடு இருக்கவேண்டும். தெருவில் ஐந்து பேருக்கு மேல் கூடினால் பலவந்தமாகக் கலைக்கப்படுவார்கள். ஸேன் நதியில் துணி துவைக்கிற படகு ஒன்றில் எத்தனை பேர் வரிசையாக நின்று துவைப்பார்கள் என்பதை அந்த உத்தரவை எழுதியவர் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை.