கொல்கத்தாவுல ஹீரோ, கோவையில யாரோ

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல நின்னு "கட்சுமி யூசா தெரியுமா?"ன்னு கேட்டா, புதுசா வந்த பைக் பேருன்னு நினைப்பாங்க. அதே பேரை கொல்கத்தாவுல ஒரு டீக்கடையில சொல்லிப் பாருங்க. டீ ஆறிடும், பேச்சு ஓயாது.

கட்சுமி 1988-ல் பிறந்த ஜப்பான்காரர். இருபதுகளின் தொடக்கத்திலேயே இந்தியா வந்து ஓஎன்ஜிசி அணிக்கு ஆடினார். 2013-ல் மோகன் பகான் போனார். 1889-ல் தொடங்கின கிளப் அது. 1911-ல் வெறுங்காலோட ஆடி, பிரிட்டிஷ் ராணுவ அணியை 2-1னு ஜெயிச்சு ஐஎஃப்ஏ ஷீல்டு வாங்கினவங்க. 2015-ல் அந்த கிளப் 13 வருஷம் கழிச்சு தேசிய லீக்கை ஜெயிச்சப்போ, நடுக்களத்துல ஓயாம ஓடினது இவர்தான். 2017-ல் பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். கொல்கத்தாவுல அது சாதாரண விஷயமா!

அப்புறம் 2019-ல் நம்ம பக்கம் வந்தார், சென்னை சிட்டி எஃப்சிக்கு. அந்த வருஷம் மார்ச்லதான் அந்த அணி ஐ-லீக் சாம்பியன் ஆகியிருந்தது. தமிழ்நாட்டு அணி ஒன்னு அந்தக் கோப்பையைத் தூக்கினது அதுதான் முதல் தடவை. ஆனா பேரு சென்னை, ஆடினது கோவை நேரு ஸ்டேடியத்துல. எந்த ஊர்க்காரன் "இது என் டீம்"னு சொல்றது?

ஜப்பான் இந்தக் கேள்விக்கு 1993-லயே பதில் சொல்லிடுச்சு. 10 கிளப்போட ஜே.லீக் தொடங்கினப்போ, கம்பெனிப் பேரைக் கழட்டி ஊர்ப் பேரை வைக்கணும்னாங்க. மிட்சுபிஷி டீம் உராவா ரெட்ஸ் ஆச்சு. ஊரும் கிளப்பும் ஒன்னாச்சு. டக்கெஃபுசா குபோ மாதிரி பசங்க வளர்ந்தது அப்படிப்பட்ட மண்ணுலதான்.

இப்போ என் கதை. ராத்திரி கண்ணு முழிச்சு ஸ்பெயின் லீக்ல குபோ ஆடுறதைப் பார்ப்பேன். கேம்ல அவரோட ரேட்டிங் எவ்வளவுன்னு மனப்பாடமா தெரியும். ஆனா எங்க தர்மபுரியில இருந்து சேலம், ஈரோடு வழியா பஸ் ஏறினா அஞ்சு மணி நேரத்துல கோவை. அங்க ஒரு ஜப்பான்காரர் நம்ம மாநில அணிக்காக ஓடிக்கிட்டு இருந்தார். நான் ஒரு நாள்கூடப் போகல.

2020 மார்ச்ல கொரோனா வந்து அந்த சீசன் பாதியில நின்னுச்சு. 2020-21 சீசனுக்கு அப்புறம் சென்னை சிட்டி ஐ-லீக்லயே இல்ல.

ரெண்டு ஊர்லயும் ஆடினது அதே கால்தான். ஒரு ஆட்டக்காரரோட புகழ்ல பாதி அவர் காலுல இருக்கு, மீதி கேலரியில இருக்கு. அந்த மீதி நாமதான். அடுத்த தடவை நம்ம பக்கத்துல எங்கயாவது மேட்ச் நடந்தா, போன்ல ஸ்கோர் பார்க்காம நேர்ல போய் உட்காருவோம். நானும் வர்றேன்.