துறவியரின் திராட்சைத் தோட்டம்

திராட்சை இரசம் என்ற சொல்லைப் பலிபீடத்தருகே கேட்கும்போது நம் கைகள் தாமாகக் குவிகின்றன. மது என்ற சொல்லைத் தெருமுனையில் கேட்கும்போது முகம் சுளிக்கிறது. குடியால் குலைந்த குடும்பங்களைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம்; ஆகவே இது இயல்பே. இந்நிலையில், துறவற சபையொன்று நூறாண்டுகளுக்கு மேலாகத் திராட்சை இரச ஆலை நடத்தியது என்றும், காணவந்தோரை வரவேற்றுச் சுவைக்கவும் கொடுத்தது என்றும் கேள்விப்பட்டால் நம்மில் பலர் வியப்படைவர்; சிலர் மனம் வருந்தவும் கூடும். தீர்ப்பிடுவதற்கு முன் அந்த வரலாற்றுக்குள் ஒருமுறை நடந்துவருவோம்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே நாபா பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள செயின்ட் ஹெலினா என்னும் சிற்றூரில், மலைச்சரிவை ஒட்டிக் கோட்டைபோல் நிற்கிறது ‘கிரேஸ்டோன்’ என்னும் கற்கட்டடம். தங்கச் சுரங்கச் செல்வரான வில்லியம் போர்ன் என்பவரின் முயற்சியால் 1889ஆம் ஆண்டளவில் எழுந்த கட்டடம் அது. பறித்த பழங்களை மலைப்பக்கமாக மேல்தளத்திற்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே பிழியப்படும் சாறு, தன் எடையாலேயே கீழ்த்தளங்களை நோக்கி இறங்கும். பல கைகள் மாறிய இந்தக் கட்டடத்தை 1950இல் வாங்கியவர்கள் தெலாசால் அருட்சகோதரர்கள். அமெரிக்காவில் ‘கிறிஸ்டியன் பிரதர்ஸ்’ என்று அழைக்கப்பட்டவர்கள் இவர்களே.

நாபாவுக்கு வந்த பயணிகள் பலர் இந்த ஆலையைத் தேடி வந்தனர். வெளியே வெயில் கொளுத்தினாலும் தடித்த கற்சுவர்களுக்குள் நுழைந்ததும் குளிர்ச்சி மேனியைத் தழுவும். புளித்த பழமும் ஈர மரமும் கலந்த மணம் எதிர்கொள்ளும். வரிசை வரிசையாகப் பீப்பாய்கள் இருளில் உறங்கும். சுற்றி முடித்ததும் சுவைக்கூடம். சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு வாய் அளவே ஊற்றுவார்கள். அதை ஒளியில் பிடித்து நிறம் பார்க்கவேண்டும். மெல்லச் சுழற்றி மணம் நுகரவேண்டும். பின்னர் நாவில் சற்றே நிறுத்திச் சுவைக்கவேண்டும். விழுங்காமல் உமிழ்ந்துவிடுவதும் அந்தக் கலையின் மரபே. வயிறு நிரம்பக் குடிப்பவனுக்குச் சுவை தெரியாது என்பதே அக்கூடத்தின் முதற்பாடம்.

இந்த ஆலைக்கு வித்திட்டது எளிய தேவை ஒன்று. அதே மாநிலத்தின் மார்ட்டினெஸ் என்னும் ஊரில் சகோதரர்கள் நவதுறவியருக்கான இல்லமொன்றை நடத்திவந்தனர். அந்நிலத்தில் இருந்த திராட்சைக் கொடிகளிலிருந்து 1882இல் முதன்முறையாக இரசம் பிழிந்தனர். குதிரைக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியே அவர்களுக்கு ஆலையாக உதவியது என்பர். உணவு மேசைக்கும் திருப்பலிக்குமாகத் தொடங்கிய வேலை, நாளடைவில் விற்பனையாக வளர்ந்தது. கிடைத்த வருவாய் துறவியரின் பயிற்சிக்கும் பள்ளிகளுக்கும் சென்றது.

1920இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடப்பட்டன. ஆனால், வழிபாட்டுக்கான திராட்சை இரசத்திற்குச் சட்டம் விலக்களித்திருந்தது. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்பது திரு அவையின் சட்டம். அந்தத் தேவையை நிறைவேற்றியே சகோதரர்களின் ஆலை உயிர்பிழைத்தது. மதுவிலக்கு முடிவதற்கு முந்தைய ஆண்டாகிய 1932இல் அவர்கள் நாபா மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்து, தங்கள் புதிய இல்லத்திற்கு ‘மான்ட் லாசால்’ என்று பெயரிட்டனர்.

வேதியியல் ஆசிரியராக இருந்த சகோதரர் திமோத்தி, 1935இல் அங்கு வந்து சேர்ந்தார். சோதனைக்குழாயைப் பிடித்த கை சுவைக்கிண்ணத்தைப் பிடித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவரே நிலவறையின் பொறுப்பாளர். பல ஆண்டுகளின் அறுவடைகளைக் கலந்து, சுவை மாறாமல் காப்பதில் வல்லவர். புட்டியின் தக்கையைத் திருகி எடுக்கும் கருவிகளை ஆயிரத்திற்கு மேல் திரட்டிவைத்தார். ஆலையைக் காணவந்தோர் அவற்றையும் கண்டு மகிழ்ந்தனர். துறவற உடையணிந்த அவருடைய படம் விளம்பரங்களில் வெளிவந்து, நாடெங்கும் பழகிய முகமாயிற்று.

இங்கேதான் கேள்வி எழுகிறது. துறவு எங்கே முடிகிறது? வணிகம் எங்கே தொடங்குகிறது? அந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. தாங்கள் திரு அவையின் அங்கமாதலால் ஆலையின் வருவாய்க்கு வரிவிலக்கு வேண்டும் என்று சகோதரர்கள் வழக்காடினர். 1961இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வருவாய் நற்பணிக்கே சென்றாலும் விற்பனைக்காக நடக்கும் தொழில் தொழிலே என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம். கசப்பான தீர்ப்புதான், ஆயினும் நேர்மையானது. தூய நோக்கத்திற்காகப் பொருளீட்டுவோரும் சீசருக்குரியதைச் சீசருக்குச் செலுத்தியே ஆகவேண்டும்.

காலம் மாறியது. 1989இல் சகோதரர்கள் தங்கள் மதுத் தொழிலை ஹியூப்லின் என்னும் பெருநிறுவனத்திற்கு விற்றனர். கிரேஸ்டோன் கட்டடத்தில் 1995இல் சமையற்கலைக் கல்லூரி திறக்கப்பட்டது. சகோதரர்களின் பெயர் தாங்கிய பிராந்தி, 1999இல் மற்றொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. எந்தச் சகோதரரின் கையும் படாத புட்டியில் சகோதரர்களின் பெயர்! எண்ணிப் பார்க்கையில் நெஞ்சம் சற்றுக் கனக்கிறது. ஒரு பெயரைச் சந்தைக்குக் கொடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது எளிதன்று. சகோதரர் திமோத்தி 2004இல், தமது 94ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

இச்சபையை நிறுவிய புனித ஜான் பாப்டிஸ்ட் தெலாசால், 1651இல் பிரான்சு நாட்டின் ரேம்ஸ் நகரில் பிறந்தவர். ஷாம்பெய்ன் என்னும் இரசத்தால் உலகப் புகழ்பெற்ற பகுதி அது. ஆனால் அவர் விட்டுச்சென்ற சொத்து ஏழைப் பிள்ளைகளுக்கான வகுப்பறையே. கொழும்பு கொட்டாஞ்சேனையின் புனித பெனடிக்ட் கல்லூரி வரை அந்த மரபு வந்து சேர்ந்திருக்கிறது. கலிபோர்னியாவிலும் ஆலை கைமாறிய பின்னர் அவர்களின் பள்ளிகள் தொடர்ந்து நடக்கின்றன.

கொடியை நட்டவர்கள் தோட்டத்தைவிட்டு வெளியேறினார்கள். கனியின் பயன் பிள்ளைகளிடம் தங்கியது. குடியின் கொடுமையை அறிந்த நாம் இந்த வரலாற்றைக் கண்டு மயங்க வேண்டியதில்லை, வெறுக்கவும் வேண்டியதில்லை. ஒரு வாய் சுவைத்துக் கிண்ணத்தைக் கீழே வைக்கத் தெரிந்தவனே இரசத்தை அறிந்தவன். பொருளையும் புகழையும் அவ்வாறே கீழே வைக்கத் தெரிந்தவன் துறவை அறிந்தவன். அந்தக் கற்சுவர்களுக்குள் நடந்து திரும்பும் நாம் கொண்டுவரத்தக்க சுவை இதுவே.