ஒரே பாதையில் வந்த ரெண்டு புயலும் அறுந்த கம்பிகளும்

புயல்ன்னா கடற்கரைக்காரங்க சமாச்சாரம்னு எங்க திண்டுக்கல் பக்கம் பல பேருக்கு நினைப்பு. நாகப்பட்டினம் இங்கேருந்து இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனா எனக்கு விவரம் தெரிஞ்சு ரெண்டு புயல் அங்கே கரையேறி, எங்க தலைக்கு மேல நடந்து, மேற்கு மலையைத் தாண்டி அரபிக்கடலுக்குப் போயிருக்கு. ஒண்ணு 1977 நவம்பர் 12-ல் கரை கடந்தது. இன்னொண்ணு 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி கரை கடந்த கஜா. நடுவில் 41 வருஷம்.

1977-ல் திண்டுக்கல் தனி மாவட்டம் கிடையாது, மதுரை ஜில்லாவில் இருந்தது. எனக்கு ஏழெட்டு வயசு. அந்தப் புயலைப் பத்திப் பெரியவங்க பேசினா தண்ணியைப் பத்தித்தான் பேசுவாங்க. வேடசந்தூர் பக்கத்துல குடகனாறு அணை உடைஞ்சது அந்த மழையில்தான். கரண்ட் போச்சேன்னு யாரும் புலம்பிக் கேட்டதில்லை. ஏன்னா எங்க ஊர்ல பாதி வீட்டுக்கு மேல சிமினி விளக்குதான். குடிக்கத் தண்ணி கயிறு போட்டு இறைச்சது. சில தோட்டத்துல மோட்டார் வந்திருந்தாலும் கமலை கட்டின சால் இன்னும் கொட்டத்துல கிடந்தது. கம்பி அறுந்தா அறுந்துட்டுப் போகுது, இறைப்பு நிக்காது.

தமிழ்நாட்டுல கம்பி வந்த கதையையும் சுருக்கமாச் சொல்லிடறேன். பைகாரா நீர்மின்சாரம் 1932, மேட்டூர் 1937, பாபநாசம் 1944. மின்சார வாரியம் 1957 ஜூலை 1-ல் ஆரம்பிச்சது. காமராஜர் காலத்துல இருந்து கிராமம் கிராமமாக் கம்பம் நட்டாங்க. 1990-ல் விவசாய மோட்டாருக்கெல்லாம் கரண்ட் இலவசம் ஆச்சு. அதுக்கப்புறம் கமலையை நினைச்சவங்க யார்? கிணறு வத்தி போர் வந்தப்புறம் கயிறு போட்டு இறைக்கவும் வழியில்லாமப் போச்சு. ஐநூறு அடிக்குக் கீழே கிடக்கிற தண்ணியை மாடு கட்டியா இழுக்க முடியும்?

இந்த நிலைமையிலதான் கஜா வந்தது. டெல்டாவுலயும் புதுக்கோட்டையிலயும் ஒரு லட்சத்துக்கும் மேல கம்பம் விழுந்துச்சு. 2016 வர்தாவுல சென்னை இருட்டாக் கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கஜா அதைவிடப் பல மடங்கு. கொடைக்கானலில் மரம் சாய்ஞ்சு கம்பி அறுந்து, மலையே இருண்டு போச்சு. புயல் எங்க பக்கம் வர்றப்போ வலு குறைஞ்சிருந்தாலும் ஆட்டம் குறையல.

கம்பம் ஏன் இப்படி வரிசையா விழுதுன்னு கேப்பீங்க. காத்து மட்டும் தள்ளி விழறது கொஞ்சம்தான். சிமெண்ட் கம்பம் மேலே இருந்து வர்ற பாரத்தைத் தாங்கும், பக்கத்துல இழுத்தா தாங்காது. ரெண்டு பக்கமும் கம்பி சமமா இழுக்கிற வரைக்கும் நிக்கும். தென்னை ஒண்ணு கம்பி மேல விழுந்துட்டா கம்பி உடனே அறாது, கம்பத்தை இழுக்கும். அது ஒடிஞ்சா அடுத்ததுக்கு ஒரு பக்கப் பிடி போயிடும். மழையில ஊறின மண்ணு வேற. கடைசியில ஸ்டே கம்பி நல்லா இருக்கிற இடத்துலதான் சரிவு நிக்கும். டவுன் தெருவுல இன்னொரு கூத்து: அதே கம்பத்துல வீட்டுக்கு வீடு சர்வீஸ் வயர், கேபிள் டிவி வயர், நெட் வயர் எல்லாம் சுத்தியிருக்கும். ஒரு வேப்பங்கிளை போதும், தெருவே இழுபடும்.

கஜாவுக்கு அப்புறம் டெல்டா ஜனங்க முதல்ல கேட்டது வெளிச்சம் இல்லை, தண்ணி. மேல்நிலைத் தொட்டியில ஏத்த மோட்டார் ஓடணுமே. வாடகை ஜெனரேட்டர் வெச்சு ஏத்தினாங்க. பல ஊர்ல சாலை மறியல் நடந்தது. எல்லா மாவட்டத்துல இருந்தும், கேரளாவுல இருந்தும் மின் ஊழியர்கள் போனாங்க. வயல் சேறா இருந்ததால கிரேன் இறங்காத இடத்துல கம்பத்தைத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. அந்த வேலையில உயிர் விட்டவங்களும் உண்டு.

இங்கே டவுன்ல இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். கரண்ட் போனதும் ஜெனரேட்டர் போடுறீங்க. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாம வீட்டு வயரிங்ல நேராக் கொடுத்தா, அந்தக் கரண்ட் சர்வீஸ் வயர் வழியா வெளியே போய் டிரான்ஸ்பார்மர்ல ஏறும். அங்கே உங்க 240 வோல்ட் 11,000 வோல்ட்டா மாறும். லைன் செத்துக் கிடக்குன்னு நம்பி ஏறின மனுஷன் மேல அது பாயும். அதனாலதான் அவங்க வேலைக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் எர்த் போடுறாங்க. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு உங்க வீட்டுல அந்த சுவிட்ச் இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

சரி பண்ற வரிசையிலும் நியாயம் இருக்கு. முதல்ல சப்ஸ்டேஷன், அப்புறம் 11,000 வோல்ட் லைன், ஆஸ்பத்திரி, குடிதண்ணி, தெரு, வீடு. எல்லாத்துக்கும் கடைசியில தோட்டத்து லைன். நான் இதுல குறை சொல்லல. ஆனா கடைசின்னா எத்தனை நாள்னு யாரும் சொல்றதில்லை, அதுதான் கஷ்டம். கஜாவுக்கு அப்புறம் எங்க ஓடைக்கு அந்தப் பக்கம் ரெண்டு கம்பம் விழுந்து பதினோரு நாள் மோட்டார் ஓடல. குழி நாங்க தோண்டினோம், கம்பம் எங்க டிராக்டர்ல வந்தது, லைன்மேன் தம்பி ஏறிக் கட்டினார். மழை ஈரம் இருந்ததால வெங்காயம் பிழைச்சுது. இதே பதினோரு நாள் சித்திரையில வந்திருந்தா தோட்டம் காஞ்சிருக்கும்.

கடலூர், நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்கள்ல கம்பியைப் பூமிக்கடியில கொண்டுபோற திட்டம் வந்திருக்கு, நல்லது. கேபிள் பதிக்க ஆகிற செலவுக்கு, நாலு மோட்டாருக்காக ஓடை தாண்டி எங்க காட்டுக்கு யாரும் பதிக்கப் போறதில்லை. அதனால இப்ப புரட்டாசி பொறந்ததும் இபி ஆபீஸ்ல சொல்லி, லைனை ஆஃப் பண்ண வெச்சு, கம்பிக்குக் கீழே தொங்குற தென்னை மட்டையை இறக்கிடுவோம். போன வருஷம் வரப்போரத்துல இருந்த ரெண்டு மரத்தையே வெட்டிட்டோம். காய்க்கிற மரம்தான், அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரல.