ஜேசன் தரவினங்கள்

ஜேசன் என்பது ஒரு நிரலிலிருந்து மற்றொரு நிரலுக்குத் தரவை வெறும் எழுத்தாக எழுதி அனுப்புவதற்கான வடிவம். ‘ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட் நோட்டேஷன்’ என்பதன் சுருக்கம் இது. 1999இல் வெளியான, ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரநிலையான எக்மாஸ்கிரிப்ட் மூன்றாம் பதிப்பின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க நிரலாளர் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் இதை வரையறுத்தார். எக்மா-404, ஆர்எஃப்சி 8259 ஆகிய தரநிலைகள் இன்று இதற்கு அடிப்படை.

ஜேசனில் ஆறே தரவினங்கள்தான்: சரம், எண், பூலியன், நல், அணி, பொருள். முதல் நான்கும் தனி மதிப்புகள். அணியும் பொருளும் பிற மதிப்புகளைத் தமக்குள் அடக்குபவை.

{"பெயர்": "கயல்விழி", "வயது": 31, "பாடங்கள்": ["கணிதம்", "இயற்பியல்"]}

இந்த ஒரு வரி முழுமையான ஜேசன். நெளிவு அடைப்புக்குள் இருப்பது பொருள். அதில் முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் இருக்கும் திறவுகோல் எப்போதும் சரமாகவே இருக்க வேண்டும். சதுர அடைப்புக்குள் இருப்பது அணி. அணியில் உறுப்புகளின் வரிசைக்கு அர்த்தமுண்டு. பொருளில் எந்தத் திறவுகோல் முதலில் வருகிறது என்பதை நம்பி நிரல் எழுதக் கூடாது. ஒரே திறவுகோல் இருமுறை வந்தால் பல நிரல்கள் கடைசி மதிப்பை எடுத்துக்கொள்கின்றன, சில பிழை என்று நிறுத்துகின்றன. எனவே திறவுகோல்கள் தனித்தனியாக இருப்பதே நல்லது என்று ஆர்எஃப்சி அறிவுறுத்துகிறது.

சரம் இரட்டை மேற்கோள் குறிக்குள்தான் வரும். ஒற்றைக் குறி செல்லாது. இரட்டை மேற்கோள் குறி, பின்சாய்கோடு, கட்டுப்பாட்டு எழுத்துகள் தவிர எந்த யூனிகோட் எழுத்தையும் நேரடியாக எழுதலாம், பின்சாய்கோட்டுடன் அதன் குறியெண்ணாகவும் எழுதலாம். ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து யூனிகோட் குறியெண்கள் உள்ளன. யுடிஎஃப்-8இல் அது 15 பைட்; குறியெண்களாக மாற்றினால் 30 பைட், மனிதர் படிக்கவும் முடியாது. பைத்தானின் ஜேசன் தொகுதி இயல்பாகவே இப்படி மாற்றி எழுதுகிறது. அந்த அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகவே கோப்பில் இருக்கும். ஆர்எஃப்சி 8259 யுடிஎஃப்-8ஐப் பொதுப் பரிமாற்றத்துக்குக் கட்டாயமாக்கியிருப்பதால் இதில் தயக்கத்துக்கு இடமில்லை.

அதிகக் கவனம் கோருவது எண். முழு எண், பின்ன எண் என்ற பிரிவு இதில் இல்லை. முன்னால் கூட்டல் குறி கூடாது. வீண் சுழியும் கூடாது. சென்னையின் எஸ்டிடி குறியீடான 044ஐ எண்ணாக எழுதினால் அது பிழையான ஜேசன். 44 என்று எழுதினால் வேறு தகவல். கணக்கிடப் பயன்படாத தொலைபேசி எண், அடையாள எண் போன்றவற்றைச் சரமாக எழுதுவதே முறை.

இலக்கங்கள் எத்தனை இருக்கலாம் என்று எக்மா தரநிலை வரம்பு வைக்கவில்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் உள்ளிட்ட பல சூழல்கள் எண்ணை 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணாகப் படிக்கின்றன. அதில் 9007199254740991 வரையிலான முழு எண்களுக்கே துல்லியம் உறுதி. 9007199254740993 என்று அனுப்பினால் மறுமுனையில் 9007199254740992 வந்து சேரும். பிழைச்செய்தி எதுவும் வராது. 2010இல் ட்விட்டர் தன் பதிவு எண்களை நீளமாக்கியபோது, அதே எண்ணைச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதனால்தான். பணத்தொகைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்: பைசாக் கணக்கில் முழு எண்ணாகவோ சரமாகவோ அனுப்புவது பாதுகாப்பு.

பூலியனுக்கு உண்மை, பொய் என இரண்டே மதிப்புகள். நல் என்பது மதிப்பில்லை என்பதன் குறி. இதைச் சுழியோடும் வெற்றுச் சரத்தோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மதிப்பெண் பட்டியலில் 0 என்றால் தேர்வெழுதிச் சுழி வாங்கியவர். நல் என்றால் மதிப்பெண்ணே இல்லை. திறவுகோலே இல்லாதது மூன்றாம் நிலை. ஆர்எஃப்சி 7396 வரையறுக்கும் திருத்த முறையில் இந்த வேறுபாடு நேரடியாக வேலை செய்கிறது: நல் அனுப்பினால் அந்தப் புலம் நீக்கப்படும், திறவுகோலை விட்டுவிட்டால் பழைய மதிப்பு அப்படியே நிற்கும்.

ஜேசனில் தேதிக்கெனத் தனி இனம் இல்லை. அதனால் தேதி சரமாகவே போகிறது. 03/04/2025 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. ஐஎஸ்ஓ 8601 முறைப்படி 2025-04-03 என்று எழுதினால் இந்தக் குழப்பம் எழாது. படம், ஒலி போன்ற இருமத் தரவையும் நேரடியாக வைக்க முடியாது; பேஸ்64 முறையில் சரமாக்கும்போது அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எந்தச் சரம் தேதி, எது படம் என்பதை ஜேசன் சொல்லாது. அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த உடன்பாட்டை எழுதிவைத்துச் சரிபார்க்க உருவானதே ஜேசன் ஸ்கீமா. முழு எண்ணைத் தனி இனமாகக் கேட்கும் வசதியும் அதில் உண்டு.